முகத்துக்கு விட்ட இடம்

கைகள் இடம் மாறியிருந்தன.

மாவுலி அதை முதலில் தன் கண் செய்த தப்பு என்றுதான் நினைத்தான். காலை வெளிச்சம் என்று மதித்துச் சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை. ஹர்மாட்டான் காற்று பாலைவனத்திலிருந்து அள்ளி வந்த புழுதி அபுரி மலை முழுவதையும் போர்த்தி, அந்தப் பழைய விடுதியின் ஜன்னல் கண்ணாடிகளில் மாவுபோல் அப்பி, நீண்ட கூடத்துக்குள் வந்த வெயிலைக் கஞ்சித் தண்ணீராக்கியிருந்தது. கூடத்தின் குறுக்கே கட்டிய கொடிக்கயிற்றில் நேற்று அச்சடித்த தாள்கள் கிளிப் மாட்டித் தொங்கின. கறுப்பு மை, மண்ணெண்ணெய், காயாத துணி, யாரோ உரித்துப் போட்டுவிட்டுப் போன ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்து ஒரு வாசனை. ஜன்னல்கள் சாத்தியிருந்தும் தாள்கள் அசைந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்பவர்கள் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லி அனுப்புவதுபோல.

எல்லாத் தாளிலும் ஒரே படம். நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண். தோளிலிருந்து சரியும் துக்கத் துணி. மடியில் வலது கைமேல் இடது கை. இடது மணிக்கட்டில் கடிகாரம். அந்தக் கையின் சுண்டுவிரல் லேசாக வளைந்திருக்கும். கழுத்துக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், முட்டை வடிவத்தில் வெள்ளை.

கடைசித் தாளில் மட்டும் இடது கைமேல் வலது கை.

"எவனோ பிலிமைத் திருப்பி வச்சிருக்கான்" என்று மாவுலி சத்தமாகச் சொன்னான். தனியாக இருக்கும்போது சத்தமாகப் பேசுவது அவன் பழக்கம். கேட்பவர்கள் குறைவாக இருந்தால் நகைச்சுவை எடுபடும் என்பது அவன் அனுபவம். ஆனால் பிலிமைத் திருப்பி வைத்தால் எழுத்தும் திரும்பியிருக்க வேண்டும். மேலே 'மகிமைக்கு அழைப்பு' என்ற தலைப்பு நேராகத்தான் இருந்தது. கடிகாரமும் இடது மணிக்கட்டிலேயே இருந்தது, இப்போது வலது கைக்கு அடியில் பாதி மறைந்து. அச்சுப் பிழையால் இப்படி வராது. நேற்று முழுக்க ஒரே மாதிரி உட்கார்ந்து அலுத்துப்போன ஒருவர், யாரும் பார்க்காத நேரத்தில் கையை மாற்றி வைத்துக்கொண்டால்தான் வரும்.

அந்தத் தாளை அச்சடித்தவன் மாவுலியேதான். அதில் முகத்தின் இடத்தைக் கத்தியால் வெட்டி எடுத்தவனும் அவனே. ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது.

அவன் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

*

அக்ராவில், கனேஷி சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில், மாவுலி துக்கச் சுவரொட்டி வடிவமைப்பவன். நகரத்துச் சுவர்களில் பாதி அவன் கைவண்ணம். வயதானவர் என்றால் 'மகிமைக்கு அழைப்பு', இளம் வயது என்றால் 'ஐயோ, என்ன அதிர்ச்சி'. குடும்பத்தார் அடையாள அட்டையிலிருந்து பிய்த்த ஒரு மங்கிய படத்தைக் கொண்டுவந்து, "அப்பா ராஜா மாதிரி இருக்கணும்" என்பார்கள். அதற்காகத் தொழிலில் ஓர் உடம்பு வைத்திருப்பார்கள். மாவுலியின் கடையில் இருந்த உடம்புக்குப் பெயர் வோஃபா, அதாவது தாய்மாமன். கடையின் பழைய கணினியை வாங்கியபோது அதற்குள்ளேயே இருந்தார். யார் எடுத்த படம், யாருடைய உடம்பு, அந்தக் கழுத்தின்மேல் முதலில் இருந்த தலை எங்கே போயிற்று, யாருக்கும் தெரியாது. எத்தனையோ மீனவர்களும் வாத்தியார்களும் பாதிரியார்களும் அந்த மடியில் கைகளை மடித்து உட்கார்ந்து ராஜாவாகிப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரே ஒரு பழக்கம் உண்டு. ஒரு தலையை எடுத்துவிட்டு அடுத்த தலை வரும்வரை, அந்த இடத்தில் ஒரு பூவை வைத்துவிடுவார்கள். தடித்த, அசிங்கமான செம்பருத்திப் பூ. கனேஷியில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஏன் என்று மாவுலி கேட்டதில்லை. சாப்பிடும் முன் கை கழுவுவதற்குக் காரணம் கேட்பதில்லையே.

இப்படிப்பட்டவனைத்தான் வடிவமைப்பாளர்களின் முகாமுக்கு ஆசிரியனாக அழைத்திருந்தார்கள். படித்த பிள்ளைகள், கணினியைப் பையில் போட்டுவிட்டுச் சில நாள் கையால் வேலை பார்க்க மலை ஏறி வந்திருந்தார்கள். மாவுலி பட்டுத்துணிச் சட்டத்தில் அச்சடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவன் தோழி ஷோர்மே தூரிகையால் எழுத்து எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைசி நாளில் ஆசிரியர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு; அதற்கான பிலிம்கள்கூட அக்ராவிலேயே தயாராகிப் பையில் இருந்தன.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பு மாவுலி வோஃபாவின் பிலிமைப் பார்த்தான். அந்தச் செம்பருத்தியைப் பார்த்தான். பட்டம் வாங்கிய பிள்ளைகள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம் வந்தது. பூவை எடுத்துவிட்டான்.

நேற்று முதல் வகுப்பு. வழக்கமான வசனத்தோடு ஆரம்பித்தான்.

"என்கிட்ட வந்த வாடிக்கையாளர்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். குமாசியிலிருந்து வந்த அக்கோட்டோ, சுவரொட்டிக் கடைக்காரரின் மகன், "மாஸ்டர், முகத்துல அந்த வெள்ளைய அப்படியே விட்டிருக்கீங்க பாருங்க, அபாரம்" என்றான். மாவுலிக்குத் தலை கூரையில் இடித்தது. முகத்தின் இடத்தை எப்படி வெட்டி எடுப்பது என்று காட்ட ஒரு தாளில் கத்தியை வைத்தான்.

அப்போதுதான் ஷோர்மே உள்ளே வந்தாள். கை முழுக்கச் சிவப்புப் பெயிண்ட், முன்பற்களுக்கு நடுவே அழகான இடைவெளி, காதில் சோழித் தோடு.

"இதென்ன, தலையில்லாத ஆம்பளையா? நான் கட்டிக்கிட்டவனுக்கு இவன் எவ்வளவோ மேல்."

தாளைப் பிடுங்கினாள். ஓட்டைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, வோஃபாவின் உடம்போடு நிமிர்ந்து நின்றாள்.

"எய்!" என்று பிள்ளைகள் பின்வாங்கினார்கள். அக்கோட்டோவின் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, வேணாங்க்கா. உயிரோட இருக்கிறவங்க இதுல முகம் வைக்கக் கூடாது. எடுத்துருங்க."

"சும்மா இருடா. முகம் என்னுது, உடம்பு தாய்மாமனுது. குடும்பத்துக்குள்ளதானே?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் தாளை வாங்கி மடித்து வைத்திருப்பான். மாவுலி தொண்டையைக் கனைத்து, வானொலியில் சாவுச் செய்தி வாசிப்பவரின் குரலில் அறிவித்தான்: "ஷோர்மே! கடைப் பலகைகளின் மகாராணி! ட்ரோட்ரோ வண்டிகளின் பின்பக்கத்துக் கவியரசி! மகிமைக்கு அழைக்கப்பட்டார்!"

கூடமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் ஷோர்மே ஓட்டைக்குள்ளேயே இருந்தாள்.

"டேய், காது மாட்டிக்கிச்சு. இழு."

இழுக்க வேண்டியிருந்தது. தாளுக்கு அவளை விட மனமில்லாததுபோல.

*

வராந்தாவில் ஷோர்மே முக்காலியில் உட்கார்ந்து பலகையில் ஒரு நீளமான கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தலைத்துணியைக் காதுவரை இறக்கிக் கட்டியிருந்தாள். புழுதிக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான். மாவுலி அவள் இடப்பக்கமாகப் போய்க் கூப்பிட்டான். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். தோளைத் தொட்டதும் துள்ளினாள்.

"திருட்டுப் பயலே! சொல்லிட்டு வரமாட்டியா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

"அந்தப் பக்கமிருந்து பேசாத. காலைல இருந்து அந்தக் காது அடைச்சுக்கிச்சு. எல்லாம் புழுதி."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போய் என்னன்னு சொல்றது? உன் ஜோக் பாதிதான் கேக்குதுன்னா, அதுக்கு மருந்து வேணாம், அதான் மருந்துன்னுவாரு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூடத்துக்குத் திரும்பினான். ஏன் திரும்பினான் என்று கேட்டிருந்தால் கிளிப் எடுக்க என்று சொல்லியிருப்பான்.

கூடத்தில் யாரும் இல்லை. கடைசித் தாள் மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக அசைந்துகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ உரசிக்கொண்டு போனதுபோல. அதன் வழியாகச் சுவர் தெரியவில்லை. ஓட்டை இல்லை. முட்டை வடிவத்துக்கு வெள்ளைத் தாள் முழுதாக இருந்தது. ஒட்டுப்போட்ட தடம் இல்லை, பசை மினுக்கம் இல்லை. விரலால் தடவிப் பார்த்தான். தாள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

வெள்ளையின் ஓரத்தில், அச்சடித்த படங்களில் நெருங்கிப் பார்த்தால் தெரியுமே, அந்தச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், எறும்புகள் கூடியதுபோல் ஓரிடத்தில் கூடியிருந்தன. நெருங்கிப் பார்த்தால் புள்ளி. மாவுலி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

காது.

சோழித் தோடு போட்ட காது.

*

மதியச் சாப்பாட்டுக்கு கெங்கியும் வறுத்த மீனும். சோள உருண்டையை இலையிலிருந்து பிரிக்கும்போது எழும் புளித்த ஆவியும், கருவாட்டுத் தூளும் மிளகாயும் எண்ணெயில் கறுத்த ஷிட்டோ துவையலின் காரமும் விடுதி முழுக்கப் பரவி, மாடியில் தூங்கியவனைக்கூட எழுப்பிவிட்டன. ஷோர்மே மூக்கின்மேல் கைக்குட்டை கட்டியிருந்தாள். சாப்பிட மட்டும் கீழ் விளிம்பைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு மீனுக்கு என்ன வந்துச்சு? வாசனையே இல்ல. கடல்ல புடிச்சதா, காகிதத்துல செஞ்சதா?"

"அக்கா, எனக்குத் தும்மலே வந்துருச்சு" என்றான் அக்கோட்டோ.

"அப்ப எனக்குத்தான் சளி. முகமே மரத்துப்போச்சு, பல்லுப் புடுங்கினவ மாதிரி."

மாவுலி கையில் எடுத்த உருண்டையைத் திரும்ப வைத்தான். எழுந்தான். நடந்தான். கூடத்தின் கதவு வரை நடந்தவன், உள்ளே ஓடினான்.

மூக்கு வந்திருந்தது.

பொறாமைப்படும் அளவுக்கு நல்ல அச்சு. நாசியின் ஓரம், அதன் நிழல், மூக்கின்மேல் அவளுக்கிருந்த சின்ன அம்மைத் தழும்பு வரைக்கும். மூக்குக்கு மேலே இரண்டு பக்கமும் இன்னும் வெள்ளை. ஆனால் வெறும் வெள்ளை இல்லை. உற்றுப் பார்த்தால் மிக மெல்லிய சாம்பல், மூடிய இமைக்குப் பின்னால் ஏதோ உருளுவதுபோல, நகர்ந்துகொண்டிருந்தது.

அடுத்தது கண்.

அது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. கண். ஷோர்மேக்குக் கண் போனால் என்ன மிச்சம்? மட்டக்கோல் இல்லாமல், நூல் பிடிக்காமல், ஒரு லாரி நீளத்துக்கு நேர்கோடு இழுப்பவள். வேலை இல்லாமல் கடையை மூடி அவன் படுத்துக் கிடந்த ஒரு மழைக்காலத்தில், தன் பலகை வேலைகளை அவனுக்கென்று தள்ளிவிட்டு, "நீ எழுதற 'எஸ்' கர்ப்பமான கோழி மாதிரி இருக்கு" என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் இரவில் திருத்தி வைத்தவள்.

மாவுலி தாளைக் கிளிப்பிலிருந்து உருவினான். கிழித்தான்.

காதின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்குத்தான் கிழிந்தது. வராந்தாவிலிருந்து அலறல் வந்தது.

"ஐயோ! காதுல ஏதோ கடிச்சிருச்சு! பாருடா அக்கோட்டோ, ரத்தம் வருதா?"

"வருதுக்கா..."

மாவுலி கிழிந்த இடத்தை ஒட்டுநாடாவால் ஒட்டினான். "மன்னிச்சுக்கோங்க" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வோஃபாவின் கைகள் மடியில் அமைதியாக இருந்தன. வலது கைமேல் இடது. திரும்பவும் மாற்றிக்கொண்டிருந்தார்.

பூ. பூ வைத்தால் போதும். தூரிகையை மையில் தோய்த்து, வெள்ளையின் மேல் செம்பருத்தி வரையப் பார்த்தான். மை தாளில் ஒட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியில் விழுந்த தண்ணீர்போல உருண்டு, திரண்டு, வழிந்து, கழுத்துக்குக் கீழே ஒரு கறுப்புச் சொட்டாக நின்றது. பூவுக்கு நேரம் கடந்துவிட்டது.

"மாஸ்டர்." அக்கோட்டோ வாசலில் நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். நீங்க ஏன் பூ வைக்கல?"

"வெள்ளை அபாரம்னு நீதானடா சொன்ன?"

"அபாரம்தான் மாஸ்டர். ஆனா எங்க அப்பா கடையில அந்த இடத்தைக் காலியா விட்டா அடி விழும். எந்த முகம் அதுல அச்சாகுதோ அந்த முகம் அந்த உடம்புல இருக்கிறவருக்கு. அச்சாகலைன்னா, அவரா பார்த்து எடுத்துக்குவாருன்னு சொல்வாங்க. சும்மா பயமுறுத்தத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்." அவன் கண் தாளின் பக்கம் போகவே இல்லை. "அக்காவுக்கு ஒண்ணும் இல்லயே மாஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல. எல்லாப் பிள்ளைங்களையும் வராந்தாவுலயே வச்சிரு. யாரும் உள்ள வரக் கூடாது. மை காயுதுன்னு சொல்லு."

*

கீழ்த்தளத்துக்குப் போகும் வழியில் ஷோர்மேயின் அருகே குனிந்தான், நல்ல காதின் பக்கமாக.

"அந்தக் கைக்குட்டைய ஒரு நிமிஷம் எடேன்."

"ஏன், பொண்ணு பாக்க வந்தியா?" ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை. தூரிகையைக் கீழே வைத்திருந்தாள். "மாவுலி, இந்தக் கோடு நேரா இருக்கா பாரு. எனக்கு ரெண்டா தெரியுது. கண்ணுல மெல்லிசா ஒரு திரை விழுந்த மாதிரி."

கைக்குட்டையைத் தாடைக்கு இறக்கினாள்.

மூக்கு இருந்த இடத்தில் ஒரு மென்மையான மேடு. அவ்வளவுதான். சோப்புக் கட்டியைப் பலநாள் தேய்த்ததுபோல. துவாரங்கள் இல்லை. அம்மைத் தழும்பு இல்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தனக்குச் சளி என்று நினைத்துக்கொண்டு.

"என்னடா? அவ்வளவு வீக்கமா?"

அவன் கைக்குட்டையை மெதுவாக மேலே தூக்கிக் கட்டிவிட்டான். "எப்பவும்போலத்தான் அசிங்கமா இருக்க. கண்ணை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இரு. கண்ணாடி பாக்காத, கண்ணாடிக்குப் பாவம்."

"நாயே" என்றாள் பிரியமாக.

*

கீழ்த்தளத்துக் குளியலறைதான் இருட்டறை. ஜன்னலில் கறுப்புப் பாலித்தீன் ஒட்டி, ஒரே ஒரு மஞ்சள் பல்பு போட்டிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் வெளியே பகல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. குழாயில் காற்று முனகியது. தொட்டியின் ஓட்டையிலிருந்து பழைய தண்ணீரின் நெடி. மாவுலி புதுச் சட்டத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து, வெளிச்சம் பட்டால் இறுகும் பச்சை மருந்தை ஊற்றி, தகட்டால் கீழிருந்து மேலாக இழுத்தான். மருந்து பட்டுத்துணியின் மேல் தோலாகப் படர்ந்தது. ஈரமாக, வழுவழுப்பாக, கண் காது மூக்கு இல்லாத தோல்.

காயும்வரை காத்திருக்க வேண்டும். அவன் பையிலிருந்து பிலிமை எடுத்தான். கடைசி நாளுக்கென்று எடுத்த முகம். அவனுடையது.

மஞ்சள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எல்லாப் பல்லும் தெரிய இளித்துக்கொண்டிருந்தான். பெரிய காதுகள். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு புருவங்கள். இந்த முகத்தால் ஒரு கல்யாணம் நடந்ததில்லை, ஒரு கடன் கிடைத்ததில்லை. போனால் போகட்டும் என்று நினைக்கப் பார்த்தான். நினைக்க முடியவில்லை. நாற்பது வருடப் பழக்கம். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு அவன் செய்ததெல்லாம் ஊரைச் சிரிக்க வைத்ததுதான்; நேற்றும் அதைத்தான் செய்தான்.

கதவுக்கு வெளியே தாள் உரசும் சத்தம்.

"அக்கோட்டோவா?"

உரசல் நின்றது. பிறகு கதவின் மறுபக்கத்தில், அவன் முகத்துக்கு நேராக, யாரோ காத்திருக்கும்போது விடுவதுபோல ஒரு நீண்ட மூச்சு. மையின் வாசனையோடு.

பல்பு அணைந்தது. மின்சாரம் போயிற்று. இனி மருந்தை இறுக வைக்க விளக்கு இல்லை. வெயில்தான்.

சட்டத்தையும் பிலிமையும், அதை அழுத்திப் பிடிக்கும் கண்ணாடித் தகட்டோடு சேர்த்துக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். வழியில் யாரும் இல்லை. தரையில் ஈரக் கறுப்பாக ஒரே ஒரு தடம். சுண்டுவிரல் வளைந்த ஒரு கையின் தடம்.

வானத்தில் புழுதிக்குப் பின்னால் சூரியன். வெள்ளையாக. முட்டை வடிவமாக. ஒன்றும் எழுதாமல்.

துணியை விலக்கினான். எண்ணினான். விநாடி எண்ணிக்கை தப்பியது. திரும்ப எண்ணினான்.

"மாவுலி!" வராந்தாவிலிருந்து ஷோர்மே. "மாவுலி, இருட்டிருச்சா? ஏன் யாரும் விளக்கு போடல?"

மதியம் அது.

போதும். தண்ணீர்த் தொட்டி. வாளி. ஊற்றினான். வெயில் படாத மருந்து கரைந்தது. பச்சைத் தோலில் முதலில் பற்கள் திறந்தன. பிறகு கண்கள். ஈரமாக அவனையே பார்த்தன.

கூடம். மேசை. தாளைக் கீழே விரித்தான். அதில் ஷோர்மேயின் ஒரு கண் முழுதாக வந்திருந்தது. இன்னொன்று பாதி. அது இமைத்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டான். சட்டத்தை முகத்தின் மேல் பொருத்தினான். மை. ரப்பர் கட்டை.

"தாய்மாமனே" என்றான். "இது அச்சான முகம். மனசாரக் குடுக்கற முகம். அவள விட்டுருங்க."

இழுத்தான்.

ஒரே இழுப்பு. மை வழுக்கவில்லை. தாள் குடித்தது.

சட்டத்தைத் தூக்கினான். வோஃபாவின் கழுத்தின்மேல் மாவுலி உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தான். ஷோர்மேயின் ஒரு புள்ளிகூட இல்லை. நல்ல அச்சு. அவன் வாழ்க்கையிலேயே நல்ல அச்சு.

வராந்தாவில் முக்காலி விழுந்தது.

"அடச்சீ! எவன்டா அது மீனைக் கருக்கறது? மலையே நாறுது!"

மீன். அவளுக்கு மீன் வாசனை தெரிகிறது. மாவுலி சட்டத்தைக் கீழே வைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான். ஓடிவரும் காலடி. கதவு திறந்தது. ஷோர்மே. தலைத்துணி கழுத்தில் கிடந்தது. காது, அதில் சோழி. மூக்கு, அதில் தழும்பு. இரண்டு கண், பளிச்சென்று. அவளுக்குப் பின்னால் அக்கோட்டோ, பிள்ளைகள், எல்லாரும் முண்டிக்கொண்டு.

"டேய், கண்ணு சரியாயிருச்சுடா! நான் சொல்லல, எல்லாம் இந்தப் பாழாப்போன புழு..."

நிறுத்தினாள்.

ஓரடி பின்வாங்கினாள்.

"மாவுலி?" என்றாள். தெரிந்தவனைக் கூப்பிடும் குரல் இல்லை அது. யார் என்று கேட்கும் குரல்.

அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். எப்போதும் அதுதான் வழி. வசனம் தயாராக இருந்தது. நெஞ்சிலிருந்து ஏறி, தொண்டைக்கு வந்தது. அங்கே நின்றது. மேலே போக வழி இல்லை.

கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தான். தாடை இருந்தது. அதற்கு மேலே, வாயும் மூக்கும் இருந்த இடத்தில், வழுவழுப்பு. கொஞ்சம் குளிர்ச்சி. கொஞ்சம் ஈரம். இன்னும் காயாத மருந்து. அவன் விரல் பட்ட இடத்தில் ஒரு குழி விழுந்தது.

அவனுக்குப் பின்னால், மேசையில், தாள் சரசரத்தது. நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் நாற்காலியில் நிமிரும் சத்தம். பிறகு அவன் குரல். அவனுடைய அதே இழுப்பு, அதே குறும்பு.

"என்கிட்ட வந்த வாடிக்கையாளர்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. மாவுலியின் கண்கள் இன்னும் மிச்சம் இருந்தன. அவை பார்த்தன: வாசலை அடைத்து நின்ற பிள்ளைகளின் முகங்களுக்கு எதிரே, கொடிக்கயிற்றில் வரிசையாக, வெள்ளை முகத்தோடு தொங்கிய மற்றத் தாள்களில், ஒன்றன்பின் ஒன்றாக, கைகள் இடம் மாறின.